மரியாதை கெட்டவர்கள் தேவை

"இந்த மாநிலத்துல நாற்காலியில உக்காந்திருக்கற ஒருத்தரும் இனிமே தேர்தல்ல தோக்கவே முடியாது, அம்மிணி. அப்படிப் பண்ணி வெச்சவன் நான்தான். ஒரே வார்த்தை. ஒரு டம்ளர் காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டேன்" என்றார் சென்னியப்பன்.

நாகமணி கிரைண்டரை நிறுத்தவில்லை. ஓரத்து மாவைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டே, "ஏனுங்ணா, காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. சென்னியப்பன் ஒரு ஆயுசு முழுக்கத் தேர்தல் ஆட்டோவில் உட்கார்ந்து மைக் பிடித்தவர். அவர் பவானியில் "வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தால், ஈரோட்டில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் எருமை வாயை நிறுத்திவிட்டுக் காதை நிமிர்த்தும். ஒரே நாளில், ஒரே ஆட்டோவில், கொடியை மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டு எதிரெதிர் வேட்பாளர்கள் இரண்டு பேருக்கும் பேசி, இரண்டு பேரையும் ஜெயிக்க வைத்தவர். ஒரு தொகுதியில் இரண்டு பேர் எப்படி ஜெயிப்பார்கள் என்று யாராவது இழுத்தால், "அதானே என்ற குரலோட விசேஷம்" என்பார். பூவாத்தாபாளையம் தோட்டக்காட்டு வீதி முழுவதும் இதையெல்லாம் கேட்டு, ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டும். ஆட்டாத தலை ஒன்றே ஒன்றுதான். அது மாவுக்கடை நாகமணியின் தலை. சென்னியப்பன் சொல்வதில் பத்தில் ஒன்பதைத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றையும் சலித்துத்தான் எடுத்துக்கொள்வாள். அதனாலேயே அவருக்கு அவளிடம் அளக்கப் பிடிக்கும். நம்புகிறவர்களிடம் அளப்பதில் என்ன ருசி இருக்கிறது?

ஆனால் அன்றைக்கு அவள் கேலிக்கு நின்று கொடுக்கிற நிலையில் இல்லை. கிரைண்டருக்குள் சுழன்ற மாவு ரோஜா நிறத்தில் இருந்தது.

அரிசி வெள்ளை, உளுந்து வெள்ளை. தண்ணீர்தான் சிவப்பு. ஊரைச் சுற்றியிருக்கும் சாயப்பட்டறைகள் கழுவி ஊற்றுவதெல்லாம் நிலத்துக்குள் இறங்கி, தோட்டக்காட்டு வீதியின் ஆழ்குழாயில் ஏறி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சீருடைக்கு ஆர்டர் வந்தால் இட்லி நீலம். வெளிநாட்டில் பண்டிகை என்றால் இட்லி பச்சை. எந்தக் கப்பலில் என்ன கலர் பனியன் போகிறது என்பதை நாகமணி கடை மாவைப் பார்த்தே சொல்லிவிடலாம். போதாததற்கு, நகராட்சித் தலைவர் மோகனரங்கம் எல்லாப் பட்டறைகளின் சாயச் சகதியையும் வீதிக்குப் பின்னாலிருக்கும் ஓலக்கரடு என்ற பாறை மேட்டில் கொட்ட உத்தரவு போட்டிருந்தார். தேர்தல் முடிந்ததும் லாரி வரும். லாரி வந்துவிட்டால் அப்புறம் அந்தக் குழாயில் தண்ணீர் என்று சொல்லத் தக்க எதுவும் வராது. கடையை மூடவேண்டியதுதான், வீதியையே மூடவேண்டியதுதான்.

அதற்காகத்தான் நாகமணி மோகனரங்கத்தை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு மனுத்தாக்கல் செய்திருந்தாள்.

"அக்கிரமத்தைக் கேளுங்ணா" என்றாள். "ஆபீசுல சொல்றாங்க, தேர்தலன்னைக்கு எல்லா வீட்டு போனுக்கும் மொதல்ல அவன்தான் பேசுவானாமா. பதவியில இருக்கறவனுக்கு அந்த மரியாதையாமா. அவனை வேண்டாம்னு சொன்னாத்தான் அடுத்து என்ற பேச்சு போன்ல வருமாமா."

"அவன் எங்கம்மிணி பேசறான்? அவனாட்டமே ஒரு மெஷினு பேசும்."

"எதோ ஒண்ணு."

வாக்குச்சாவடிகளையெல்லாம் மூடி, பள்ளிக்கூட வகுப்பறைகளைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்ட காலம் அது. முதலில் கட்சிகள் ஒவ்வொரு போனுக்கும் ஒரு தலைவரை அனுப்பின. முகம் ஒன்றுதான், பேச்சு ஆளுக்கொன்று. தறிக்காரர் போனில் தலைவர் நூல் விலையைப் பற்றிக் கண்கலங்குவார். அடுத்த வீட்டு மஞ்சள் வியாபாரியின் போனில் அதே தலைவர் தறிக்காரர்களை ஒரு பிடி பிடிப்பார். வாக்காளர் ஒருவருக்குத் தலைவர் ஒருவர் என்று ஆன பிறகு, எவரும் வெயிலில் போய் வரிசையில் நிற்கத் தயாராக இல்லை. சாவடிகளில் அதிகாரிகள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் சட்டசபையில் ஒரு உறுப்பினர் எழுந்து, "வாக்கு என்றால் வாய்ச்சொல். பித்தானை அமுக்குவது எப்படி ஐயா வாக்கு ஆகும்?" என்று கேட்டார். தமிழ் என்றதும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் சேர்ந்து மேசையைத் தட்டின. சட்டம் வந்துவிட்டது. முறைக்குப் பெயர் 'மனமொழி'. போனில் தலைவர் பேசுவார், நீங்களும் பேசலாம், அவர் மறுபடி வரவேண்டுமா வேண்டாமா என்று உங்கள் பேச்சை வைத்து மெஷின் முடிவு செய்துகொள்ளும். ஓட்டுப் போடுகிற சிரமம் ஒழிந்தது.

"சரி, அந்த வார்த்தை என்னுங்ணா?" என்று நாகமணி போனால் போகிறதென்று கேட்டாள்.

"ஆமாங்க."

"என்னுங்க ஆமாங்க?"

"அதான் அம்மிணி வார்த்தை. 'ஆமாங்க'."

நாகமணி கிரைண்டரை நிறுத்தினாள். இவருக்கு டாக்டரைக் காட்ட வேண்டிய வேளை வந்துவிட்டதோ என்கிற பார்வை அது. சென்னியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மனமொழி செய்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் அவரைத் தேடி வந்திருந்தாள். பெயர் நிரஞ்சனா. பெயருக்குப் பின்னால் படிப்பு ஒரு கை நீளத்துக்கு இருக்கும், குணம் தங்கம். மெஷினுக்குத் தமிழ் தெரியும், ஆனால் கொங்குப் பேச்சு பிடிபடவில்லை. வீடு வீடாய் ஓட்டுக் கேட்டுப் பழகியவர் என்று அவரிடம் அனுப்பியிருந்தார்கள்.

"அந்தப் புள்ள கேக்குது, 'சார், உங்க ஊர்ல ஒருத்தரை வேண்டாம்னு எப்படிச் சொல்வாங்க?' நான் சொன்னேன், எங்க ஊர்ல அப்படி ஒரு சொல்லே கெடையாது கண்ணு. 'பாக்கலாங்க'ன்னா வேண்டாம். 'யோசிச்சுச் சொல்றோமுங்க'ன்னா வேண்டவே வேண்டாம். 'உங்களுக்கு இல்லாததுங்களா'ன்னு சொல்லிப்போட்டா, அந்த வீட்டுப் பக்கமே அப்பறம் எட்டிப் பாக்கப்படாது."

நாகமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். பாம்பு வந்தால்கூட "அக்கட்டால போங்க சாமி" என்று வழி விடுகிற ஊர் அது. கன்னம் வைக்கிற திருடனுக்குக்கூட "ஆருங்க அது, விழுந்தரப் போறீங்க" என்று விளக்கைப் போட்டுக் காட்டும்.

"எல்லாத்தையும் எழுதிக்கிச்சு அந்தப் புள்ள. கடைசியா ஒண்ணு கேட்டுது. 'சார், பேச்சை முடிக்கறப்ப எல்லாரும் போயிட்டு வாங்கன்னு சொல்றாங்களே, அப்படின்னா அவர் திரும்பி வரணும்னுதானே அர்த்தம்?' பாவம், வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்குது. காப்பி வேற கையில. கண்ணெல்லாம் ஆசை. அந்தக் கொழந்தையைப் பாத்து இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"ஐயோ."

"'ஆமாங்க கண்ணு'ன்னுட்டேன். அந்தச் சந்தோசத்துல அது காப்பி முழுக்கக் குடிச்சுது. சர்க்கரை பத்தலைன்னுகூடச் சொல்லலை. முடிஞ்சுது கதை. இனி எவன் எத்தனை திட்டினாலும் கடைசியில 'போயிட்டு வாங்க'ம்பான். மெஷினு ஓட்டை எடுத்துப் பையில போட்டுக்கும். உனக்கு ஒரு ஓட்டு வராது அம்மிணி."

"ஏனுங்ணா, வீதி முழுக்க எனக்குத்தான்னு சொல்லியிருக்குது. எல்லார் வீட்டு இட்லியும் இதே கலர்தான். ரோசத்துல பொங்கிட்டு இருக்குது சனம்."

"ரோசம் வேற, மரியாதை வேற."

"சரி, ஊரே போகட்டும். என்ற ஓட்டு எனக்குத்தானே? அது ஒண்ணாச்சும் வருமில்ல?"

"அதுவும் வராது."

"வந்துதுன்னா?"

"மீசையைச் செரைச்சுக்கறேன்" என்றார் சென்னியப்பன். அந்த மீசைக்கு அவர் தேங்காயெண்ணெய் தவிர வேறெதுவும் காட்டியதில்லை.

நாகமணி கிரைண்டரை மறுபடி போட்டாள். "கத்தியைச் சாணை புடிச்சு வையுங்க" என்றாள்.

*

அளந்துவிட்டு வீட்டுக்குப் போன சென்னியப்பனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் இருந்ததும் நாகமணி கடை மாவில் சுட்ட தோசைதான். அதன் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் அவரும் குடிக்கிறார். தான் செய்த பெரிய காரியத்தை முறியடிக்கத் தன்னைவிடப் பெரிய ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் இந்த மாவட்டத்திலேயே இல்லை. ஆகவே தானே அதையும் செய்ய வேண்டியதுதான் என்று முடிவுக்கு வந்தார்.

மறுநாளிலிருந்து தோட்டக்காட்டு வீதியில் மரியாதை கெடுக்கும் பயிற்சி தொடங்கியது.

சென்னியப்பன் வீடு வீடாகப் போனார். அவர்தான் தலைவர் மோகனரங்கம். குரலை அப்படியே இறக்கிக்கொண்டு, "அக்கா, சாப்பிட்டீங்களா? மாமனுக்கு முட்டிவலி எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார். வீட்டுக்காரர்கள் "போ" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் பாடம். கிளி இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறது.

முதல் வீட்டுப் பழனாத்தாள் மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போ... சாமி" என்றாள்.

"சாமி எதுக்கு ஆத்தா?"

"வெறும் போன்னா மொட்டையா இருக்குதுங்க."

தறி வைத்திருந்த பொங்கியண்ணன் ஆறடி உயரம். தறி சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அவர் "போடா!" என்று போட்ட போடில் கூரை ஓட்டுமேல் இருந்த புறா பறந்தே போய்விட்டது. சென்னியப்பன் மகிழ்ந்து போய் வாசல் தாண்டுவதற்குள் பொங்கியண்ணன் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங் மாமா. நெஞ்சே படபடங்குது. ஒரு வாய் மோர் சாப்பிட்டுப் போங்க."

இன்னொரு வீட்டில் புதிதாய்க் கல்யாணமான பெண், "அட, போங்க" என்று சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். மெஷின் அதைக் கேட்டால் கல்யாணத்துக்கே சம்மதம் என்று எழுதிக்கொள்ளும்.

வாரக்கணக்கில் நடந்தது. நடுவில் ஒருமுறை கடைப் பக்கம் வந்த சென்னியப்பனிடம் நாகமணி, "ஏனுங்ணா, இந்தக் கூத்து எதுக்குங்க? அவங்களுக்கு வாயில்லையா?" என்றாள்.

"வாய் இருக்குது. வளையமாட்டீங்குது."

கடைசியில் "போ" என்பதைக் கைவிட்டார். மனித சக்திக்கு மீறியதைக் கேட்பது நியாயமில்லை. பதிலாக, எது கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லப் பழக்கினார். "போயிட்டு வாங்க" என்று மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லக்கூடாது. ரேஷன் வேண்டுமா? வேண்டாம். ரோடு வேண்டுமா? வேண்டாம். உங்கள் பேத்திக்கு வேலை வேண்டுமா? பழனாத்தாள் இந்த இடத்தில் மட்டும் எச்சில் விழுங்கினாள். ஆனாலும் "வேண்டாம்" என்றாள். வீதி தேறிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பாடம் முடிந்ததும் சென்னியப்பன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்ப, வரட்டுங்களா?" என்பார். "வாங்ணா", "வாங் மாமா" என்று உள்ளிருந்து பதில் வரும். அடுத்த வீட்டுக்குப் போவார். எல்லா வீட்டிலும் போன், டிவிக்குப் பக்கத்திலோ சாமி படத்துக்குக் கீழோ, தன் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தது.

*

தேர்தலன்று காலை வீதி முழுவதும் ஒரே சமயத்தில் போன் அடித்தது. கோயில் மணி, சினிமாப் பாட்டு, குயில், ரயில் என்று ஆளுக்கொரு சத்தம். தெருநாய்கள் எதைப் பார்த்துக் குரைப்பதென்று தெரியாமல் வட்டமடித்தன.

அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. பழனாத்தாள்தான் முதலில் வெளியே வந்தாள், பத்து வயது குறைந்த மாதிரி. "வேண்டாம்னுட்டேன்! மூணு தரம் சொன்னேன்!" பொங்கியண்ணன் சட்டையெல்லாம் வேர்வையாக வந்து நின்று, "கொஞ்சம் எச்சாவே பேசிட்டேன் போல. அவர் பாவம், பேச்சே வரலை" என்றார். 'போயிட்டு வாங்க' என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. வீதிக்காரர்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

சென்னியப்பனும் ஜெயித்திருந்தார். அவரிடம் தலைவர் முட்டிவலியைப் பற்றிக் கேட்டார், மைக் காலத்துப் பெருமையையெல்லாம் எடுத்துச் சொன்னார், கடைசியில் அடங்கிப்போய் விடைபெற்றார். சென்னியப்பன் "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் நாக்கைக் கடித்தபடி போனை வைத்தார். நாக்கில் ரத்தமே வந்துவிட்டது என்று அன்றைக்குச் சாயங்காலமே வீதியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாகமணியின் பேச்சுதான் எல்லாவற்றையும்விட நீளம். கிரைண்டர் சத்தத்தையும் மீறி வீதி முனைவரை கேட்டது. அவள் மோகனரங்கத்தின் மூன்று தலைமுறையையும் மாவோடு சேர்த்து அரைத்து எடுத்துவிட்டாள். வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீசையைத் தடவிப் பாத்துக்கோங்ணா, கடைசியா" என்றாள்.

மோகனரங்கத்தை நேரில் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறது. சிலர், வெளிநாட்டில் வைத்தியத்தில் இருக்கிறார் என்றார்கள். சிலர், காரியமே முடிந்துவிட்டது, ஆஸ்தியைப் பிரிக்கும்வரை குடும்பத்தார் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அவர் இருந்தாரோ இல்லையோ, சாயங்காலம் முடிவு வந்தது. பூவாத்தாபாளையத்தில் பதிவான வாக்கு முழுவதும் மோகனரங்கத்துக்கு. நாகமணிக்கு ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை.

"பித்தலாட்டம்" என்றாள் நாகமணி. கையிலிருந்த மாவைக்கூடக் கழுவாமல் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். பின்னால் சென்னியப்பன்.

*

புகார் மேசையில் உட்கார்ந்திருந்தது நிரஞ்சனா. கம்பெனி இப்போது அவளை அங்கே போட்டிருந்தது. சென்னியப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சார், எப்படி இருக்கீங்க? உக்காருங்க."

"என்ற ஓட்டு எங்கீங்க?" என்றாள் நாகமணி. "ஊர் ஓட்டை விடுங்க. நான் எனக்குப் போட்ட ஓட்டு எங்க?"

"மேடம், ஒளிவு மறைவே இல்லை. உங்க பேச்சை நீங்களே கேக்கலாம், அது உங்க உரிமை." நிரஞ்சனா திரையைத் தொட்டாள்.

கிரைண்டர் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் நாகமணியின் குரல். நாகமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நன்றாகத்தான் பேசியிருந்தாள். "உன்ற வீட்டுக் கொழந்தைக்கு இந்த இட்லியைக் குடுப்பியா? ஓலக்கரட்டுல ஒரு லாரி ஏறட்டும் பாக்கறேன். நீ எங்களுக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம்." சென்னியப்பன் தலையை ஆட்டி ரசித்தார். மைக் பிடித்திருக்க வேண்டியவள்.

தலைவரின் குரல் அமைதியாக இருந்தது. "நீங்க சொல்றது நெம்பச் சரிங்க்கா. தப்பு என்மேலதான்." கொஞ்ச நேரம் கிரைண்டர் சத்தம் மட்டும். "மாவு பொங்கற நேரம். உங்க வேலையைக் கெடுக்கறேனுங்க. அப்ப, வரட்டுங்களாக்கா?"

நாகமணியின் குரலில் கோபம் வடிந்திருந்தது. அலுப்பு மட்டும் இருந்தது. "ம். வாங்க."

நிரஞ்சனா அங்கே நிறுத்தினாள்.

மேசைமேல் மின்விசிறிக் காற்றில் ஒரு தாள் படபடத்துக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"அதுக்கென்னங்க?" என்றாள் நாகமணி. "வாங்கன்னேன். வெச்சுட்டான்."

"கடைசிக் கேள்விக்குச் சொல்ற பதில்தான் வாக்கு, மேடம். சட்டம் அப்படித்தான். முன்னாடி பேசினதெல்லாம் விவாதம்."

"அது கேள்வியே இல்லீங்க! கெளம்பறப்ப எல்லாரும் சொல்றது! வரட்டுமான்னா போறேன்னு அர்த்தம்!"

நிரஞ்சனா உண்மையாகவே குழம்பினாள். "மேடம், வரட்டுமான்னா எப்படி போறேன்னு அர்த்தமாகும்? அவர் மறுபடி வரட்டுமான்னு உங்களைக் கேட்டார். நீங்க வாங்கன்னு சொன்னீங்க. இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது?"

நாகமணி வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல்; இதுவரை யாருக்கும் அவள் அதை விளக்க வேண்டி வந்ததில்லை.

சென்னியப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நான் அன்னைக்கு உனக்குச் சொன்னது போயிட்டு வாங்க மட்டும்தானே? வரட்டுங்களான்னு கேக்க அந்த மெஷினுக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?"

நிரஞ்சனா தயங்கினாள். "அதுவாவே கத்துக்கிச்சு சார். போன் வீட்டுல இருந்தா கேக்கத்தானே செய்யும். இந்த ஒரு மாசமா உங்க வீதியில ஒருத்தர் தலைவர் மாதிரியே பேசிக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கார். அவர் எது கேட்டாலும் எல்லாரும் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ரோடு வேண்டாம், ரேஷன் வேண்டாம், எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் எல்லா வீட்டுலயும் வாங்கன்னு பதில் வந்திருக்கு. ஒரு வீடுகூடத் தப்பலை." குரலைத் தாழ்த்தினாள். "பேசினது யாருன்னு மெஷினுக்குத் தெரியாது சார். எனக்குக் கேட்டதுமே தெரிஞ்சுது."

சென்னியப்பனுக்குத் துண்டு தோளிலிருந்து நழுவியது. அவர் எடுக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம் சார்" என்றாள் நிரஞ்சனா. அவரைத் தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "போயிட்டு வாங்கங்கறதை நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, அதை நாங்க உங்க பக்கம் மட்டும்தான் போட்டிருந்தோம். இது அப்படியில்லை. மதுரை, தஞ்சாவூர், நாகர்கோவில், எங்க வெச்சுப் பாத்தாலும் பொருந்துது. அடுத்த தேர்தலுக்கு மாநிலம் முழுக்க இதுதான். நீங்கதான் காரணம்னு மேலிடத்துல எழுதியிருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்த எவரும் இனித் தோற்க முடியாது. ஒரே வார்த்தை. வாழ்நாளில் அவர் விட்ட சரடுகளிலேயே ஒன்று, அவரைக் கேட்காமல் எழுந்து நடந்துபோய் உண்மையாகிவிட்டது.

"ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. காப்பி சொல்லட்டுமா சார்?" என்றாள் நிரஞ்சனா, அன்பாக.

சென்னியப்பனுக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க கண்ணு" என்றார்.

*

அடுத்த வாரமே லாரிகள் வந்தன. ஓலக்கரட்டின் பாறை இடுக்குகளில் சகதி வழிந்து இறங்கியது. நல்ல வெயிலில் அது பட்டுச்சேலையாட்டம் மினுங்கியது. வீதிக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். முதல் லாரியின் டிரைவர் வழி தெரியாமல் நிறுத்தியபோது பொங்கியண்ணன் இறங்கிப் போய், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டினார். தண்ணீரும் கொடுத்தார், நல்ல வேளை, டிரைவர் நிறத்தைப் பார்த்துவிட்டுக் குடிக்கவில்லை.

நாகமணி கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கழுவியதில் கல் கறுத்துப் போயிருந்தது. சென்னியப்பன் வந்து அவர் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். மீசை முகத்தில் அப்படியே இருந்தது. அதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"அது பித்தலாட்டம்தான், அம்மிணி" என்றார் அவர். "நான் யோசிச்சுப் பாத்தேன். குரலையே செய்யற மெஷினு. உன்ற குரலைச் செய்ய எத்தனை நேரம் ஆகும்? நீ வாங்கன்னு சொல்லியிருக்கவே மாட்டே. ஒட்டு வேலை. நான் அடிச்சுச் சொல்றேன்."

நாகமணி குழாயிலிருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன நிறம் என்று சொல்லும்படி இல்லை. எல்லா நிறமும் சேர்ந்து ஒன்றாகியிருந்தது.

"என்ற மைக்குப் பேச்சுல நம்பிக்கை வெச்சு ஊரே ஏமாந்திருக்குது" என்றார் மறுபடியும். "நான் சொல்றதுல பத்துல ஒம்பதைத் தள்ளிருவியே. இதையும் தள்ளிரு. நான் ஒண்ணுமே பண்ணலை. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை."

கரட்டுப் பக்கம் இன்னொரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் எழுந்தார். செருப்பை மாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாய் தன் பாட்டுக்குத் திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். ஒரு வார்த்தையும் சொல்லாமல், இந்த ஊரில் எவனும் இறங்காத விதமாக, விடைபெறாமலே வாசற்படியில் இறங்கினார்.

"வாங்ணா" என்றாள் நாகமணி.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். கண்கள் விரிந்திருந்தன. கையை எடுத்தாள்.

"ஒட்டு வேலை இல்லீங்ணா" என்றாள். "நான்தான் சொன்னேன். நீங்க சொன்னது நடந்துதானுங்க போச்சு."